நிலவறை வாசலில் மெழுகுவத்தி

எகர் ஊரில் அறுவடை முடிந்தால், குன்றைக் குடைந்து வெட்டிய நிலவறைகளில் திராட்சைச் சாறு நுரைத்துப் பொங்கும். நாங்கள் காளை ரத்தம் என்று சொல்லும் சிவப்பு ஒயினுக்குப் பல வகைத் திராட்சை வேண்டும். தனித்தனியே புளிக்கவைத்து, பிறகுதான் கலப்போம். புளிக்கும் சாறு விடும் விஷக்காற்று தரையோடு தேங்கி நிற்கும். அதனால் மெழுகுவத்தியை முழங்காலுக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவோம். சுடர் அணைந்தால் அப்படியே திரும்பிவிட வேண்டும்.

அன்று காலை என் கணவர் வெண்டெல் நெற்றியில் புது டார்ச்சை மாட்டிக்கொண்டு நிலவறைக்குக் கிளம்பினார்.

"மெழுகுவத்திய எடுத்துட்டுப் போங்க."

"இவ்ளோ வெளிச்சம் இருக்கு, அது எதுக்குடி? உங்கப்பன் காலத்துப் பயத்தயெல்லாம் எங்கிட்ட காட்டாத."

"எக்கேடோ கெட்டுப் போங்க!" என்றேன்.

மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். மெழுகுவத்தி வாசல் மாடத்திலேயே இருந்தது.

"என்னங்க!"

மறுபடி கத்தினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த கொழுந்தன் பாலிண்ட் உள்ளே பாயப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க அண்ணி! அண்ணன் உள்ள இருக்காரு!"

"நீயும் போய் விழணுமாடா? இரு!"

மெழுகுவத்தியை ஏற்றி, குனிந்து படிக்குக் கீழே நீட்டினேன். சுடர் சுருங்கி அணைந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அணைந்தது.

பாலிண்ட் ஓர் அடி பின்வாங்கினான்.

கீழே, தரையோரத்தில், வெண்டெலின் டார்ச் கொஞ்சமும் மங்காமல் எரிந்துகொண்டிருந்தது.