ஓடுகாலிக்கு ஒரு பெயர்

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து முளைத்தது. ஒரு பறவையை யாரோ 'ஓடுகாலி' என்று திட்டினார்களாம். கேட்டதும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. கோபத்தோடு எழுத உட்கார்ந்தேன்.

சதுப்பு நிலத்தின் மேல் காலைச் சூரியன் தன் பொன்—

(வேண்டாம். இந்தப் பொன்னை எத்தனை பேர்தான் உருக்குவது! நேராகவே சொல்கிறேன்.)

2

அவள் வேலை பறவைகளின் காலில் வளையம் மாட்டுவது. அதனால் வளையக்காரி. சதுப்பு நிலத்து ஆய்வு நிலையத்தில், வளையம் போட்ட பறவைக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பது வழக்கம். சிவப்பு வளையம் போட்ட பெண் உள்ளான் ஒன்று, குஞ்சு பொரித்த கையோடு குடும்பத்தை ஆணிடம் விட்டுவிட்டுக் கடல் தாண்டக் கிளம்பியது.

"பெத்துப் போட்டுட்டு ஓடுது பாரு, ஓடுகாலி!" என்றார் நிலையத்துப் பெரியவர்.

பெயர் ஒட்டிக்கொண்டது. வளையக்காரியும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவள் நிறைமாதம்.

3

அடுத்த வசந்தம். பறவைகள் திரும்பி வந்து முட்டையிடும் பருவம் முழுக்கச் சதுப்பு நிலத்திலேயே தங்க வேண்டும், வீட்டிலோ கைக்குழந்தை. அவள் அக்கா போனில் பொரிந்து தள்ளினாள்: "பச்சப்புள்ளைய விட்டுட்டுப் போறவளை என்னன்னு சொல்லுவாங்க தெரியுமாடி?"

தெரியும். அந்த வார்த்தைக்குத்தானே அன்று சிரித்தாள்.

(பறவைக்கும் பெண்ணுக்கும் முடிச்சுப் போடுவது பழைய வித்தை என்று முணுமுணுக்கிறீர்கள். கேட்கிறது. போட்டது நானில்லை, அவள் அக்காதான்.)

ரொட்டிக்கடை வைத்திருக்கும் கணவன், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னான்: "புட்டிப்பால் குடுக்க எனக்குத் தெரியாதா? கிளம்பு. அங்க போய் மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காராதே, அது போதும்."

கிளம்பினாள். ஆனால் மனசுக்குள் ஒரு பந்தயம்: ஓடுகாலி திரும்பி வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவது. (ஆராய்ச்சி செய்கிறவள் போடுகிற பந்தயமா இது என்று கேட்டுப் பார்த்தேன். பாத்திரங்கள் எங்கே ஆசிரியர் பேச்சைக் கேட்கின்றன!)

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சின்ன உள்ளான்களில் நாலு முட்டையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட தாயின் எடைக்கே வந்துவிடும். குஞ்சுகள் தாமாகவே பொறுக்கித் தின்னும். காவலுக்கு அப்பன் போதும். உடம்பைக் கரைத்து முட்டையிட்டவள் போய்த் தின்று தேறினால்தான் அடுத்த வருஷம் என்று ஒன்று உண்டு. போவதும் பிள்ளை வளர்ப்பில் சேர்த்திதான்.]

4

போன வருஷத்து ஆண் வந்தது. ஓடுகாலியைக் காணோம். பறவை பிடிக்க விரித்த வலையைத் தினமும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள் வளையக்காரி.

முடிவு அ: அது வரவேயில்லை. வளையக்காரி பெட்டியைக் கட்டிக்கொண்டு

(கிழித்துவிட்டேன். சோக முடிவுக்கு மரியாதை அதிகம், தெரியும். ஆனால் என் கதையில் அக்கா ஜெயிக்கக் கூடாது.)

முடிவு ஆ: ஒரு காலை, வலையில் சிவப்பு வளையம்! போன வருஷம் எலும்பும் தோலுமாகப் போனவள் கையில் கனத்தாள். பக்கத்திலேயே இன்னொன்று சிக்கியிருந்தது. வளையக்காரி அதன் வளையத்தைப் பார்த்தாள்: போன வருஷம் குஞ்சாக இருந்தபோது தன் கையாலேயே மாட்டியது. ஓடுகாலியின் குஞ்சு, வாட்டசாட்டமாக!

"அடேயப்பா, வந்துட்டாளா ஓடுகாலி!" என்றார் பெரியவர்.

"அந்தப் பேரை மாத்துங்க சார். இவ ஓடலை. போக வேண்டிய எடத்துக்குப் போய்ட்டு, வர வேண்டிய நேரத்துக்கு வந்திருக்கா!" அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். சதுப்பு நிலமே கிளம்பிப் பறந்தது.

பெரியவர் தலையைச் சொறிந்தார். "சரி தாயே, நம்ம மேலதான் தப்பு. வேற என்ன பேரு வைக்கலாம்?"

5

இங்கேதான் நிற்கிறேன். எனக்குத் தோன்றிய பெயர் எதுவும் அவளுக்குப் போதவில்லை. உள்ளங்கையைத் திறக்காமல் வளையக்காரி உங்களையே பார்க்கிறாள். பெயரைச் சொன்னால்தான் பறக்கவிடுவாளாம். சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், அக்காவுக்கும் கேட்கட்டும்.