முப்பத்திரண்டாம் எண்

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா பல்லைக் குத்திக்கொண்டே அட்டையைத் தள்ளினான். கடல் தாண்டிச் சண்டைக்குப் போன சிப்பாய்க்கு வீட்டார் தந்தி அடிக்கச் சொந்த வார்த்தை கூடாது. அட்டையில் அச்சடித்த நாற்பது வாக்கியங்களில் ஒன்றின் எண்ணைத்தான் எழுதித் தர வேண்டும். பொத்தான்காரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். பட்டாளத்துச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துத் தைத்தே கண் பூத்துப்போனவள் அவள்.

பதினைந்து: பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம்.

நலமாம். எட்டாம் மாதமே பிறந்த பேத்தி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். மருமகள் பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். ஒரு வாரம் தாண்டினால் பெரிது என்று டாக்டர் காலையில் கையை விரித்துவிட்டார். மகன் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் உடனே வந்தாக வேண்டும்.

"கொழந்தைக்கு முடியலன்னு சொல்ல எந்த நம்பருப்பா?"

"அப்படி ஒண்ணு கெடையாதும்மா. சிப்பாய்ங்க மனசு கலங்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. பதினஞ்சு போடுங்க. எல்லாரும் அதான் போடுறாங்க."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சாகப் போ என்று அனுப்பியவர்களுக்கு, அவன் மனசு மட்டும் கலங்கக் கூடாதாம். இதை உட்கார்ந்து எழுதினவன் வீட்டில் பிள்ளையே பிறக்காதா?

"லீவு எதுக்குத்தான் குடுப்பாங்க?"

"முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு. அப்பா தவறினா, அம்மா தவறினா. பிளேன்லயே அனுப்பிடுவாங்க, மூணாம் நாள் வீட்டுல இருப்பாரு."

மகனின் அப்பன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பொத்தான்காரி அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா தவறினாள் என்று போட்டால் மூன்று நாளும் மகன் சோறு தண்ணி இறங்காமல் அழுதுகொண்டே வருவான். வந்தால் வாசலில் தான் உயிரோடு குத்துக்கல்லாட்டம் நிற்க வேண்டும். அதற்குள் பெட்டி காலியாகியிருந்தால்? நினைக்கும்போதே தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பேனாவை எடுத்து முப்பத்திரண்டு என்று எழுதினாள்.

குமாஸ்தா பல் குத்துவதை நிறுத்தினான். தாளையும் அவள் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னால் நின்ற வரிசையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தவறினவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமியாரு," என்றாள், மருமகளே வந்து நிற்பது போல.

"எப்போ?"

"இன்னைக்குக் காலையில."

அவன் பேரெழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லாமல் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் கட்டைவிரலை அழுத்தினாள்.