நாற்பத்தேழாம் பக்கம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம். ஓர் ஆழாக்கு ஜவ்வரிசி கேட்கப் போன இடத்தில் கிடைத்தது. என் வீட்டில் ஜவ்வரிசி இருந்தது. எதிர் ஃப்ளாட்டுக்குள் ஒருவர் கைக்குட்டையில் எதையோ பொதிந்து எடுத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான்.

1994, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கல்கத்தா, கிடர்பூர் குவார்ட்டர்ஸ். எதிர் ஃப்ளாட் ஜம்புநாதனுடையது. பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றில் (பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது) கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி. கைக்குட்டைக்காரர் அதே அலுவலகத்து கிளார்க் பெத்துராஜ், எங்களுக்கு மேல் மாடியில் வீடு.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"விமானம் சிங்கப்பூரில் இறங்கியபோது ஜம்புநாதனின் சட்டைப் பையில்" (நான் விமானத்தில் ஏறியதே இல்லை.)

"மனிதர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று யோசித்தால்" (யோசித்தேன். வரவில்லை.)

"குற்றம் யார்மீது என்று கேட்டால், முதலில்" (இது வேண்டாம். இது கடைசியில் வந்தால் போதும்.)

சரி, கைக்குட்டையையே அவிழ்க்கிறேன். உள்ளே ஒரு ஃப்ளாப்பி. அந்தக் காலத்துப் பெரிய ஃப்ளாப்பி. சதுரமாக, கறுப்பாக, அப்பளம்போல வளையும். அதன் இடது மேல் மூலையில் ஓர் ஓட்டை. ஓட்டையில் ஃபைல் கோர்க்கும் பச்சை டேக். பக்கத்தில் சிவப்பு மையில் 47.

"கப்பல் ஏஜென்ட் லெட்டரோட வந்துச்சு சார்," என்றார் பெத்துராஜ். "இணைப்பு ஒண்ணுன்னு போட்டிருந்தான். இணைப்புன்னா நம்பர் போட்டு ஃபைல்ல கோக்கணும்ல. கோத்துட்டேன். இப்ப எல்லாரும் கெட்டுப்போயிருக்கும்னு பயங்காட்டுறாங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும் சார்."

"நடுவிலேயே பெரிய ஓட்டை இருக்கே?" என்று கேட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை.

"அது டேக்குக்குப் பெருசும்மா," என்றார் மரியாதையாக. "மூலையிலதான் குத்தினேன். உள்ள வட்டம் எங்க முடியுதுன்னு விரலால தடவிப் பாத்துட்டுத்தான்."

ஜம்புநாதன் மறுநாள் அலுவலகத்தில் போட்டுப் பார்த்தார். ஓர் எழுத்துகூட அழிந்திருக்கவில்லை. ஓட்டை வட்டத்தைத் தொடவே இல்லை. "நான் இருக்கேன்யா, யாருக்கும் தெரியாது," என்று பெத்துராஜின் தோளைத் தட்டினார். ஃப்ளாப்பியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெத்துராஜ் படியேறிப் போனதும், நான் ஆழாக்கோடு அங்கேயே நின்றிருந்தபோது, ஒரு வாக்கியம் சொல்லப்பட்டது. யார் சொன்னது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். வாக்கியம் இதுதான்: "நல்லவேளை, லேமினேஷன் பண்ணலை."

3

தொண்ணூற்றேழிலிருந்து ஜம்புநாதன் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். அரசு அலுவலகங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்குவது எப்படி என்று மாநாடுகளில் பேச வேண்டும். முதல் கூட்டம் விசாகப்பட்டினத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். முன்வரிசை தூங்கியது. பயத்தில் அவர் வாயில் வந்தது பெத்துராஜின் ஃப்ளாப்பி. பெயர் சொல்லவில்லை, "எங்கள் கிளார்க் ஒருவர்" என்றார். தகவலெல்லாம் போயிற்று என்றும் சேர்த்துக்கொண்டார். போகவில்லை என்றால் யார் சிரிப்பார்கள்? லேமினேஷன் வந்ததும் தூங்கியவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

அடுத்த ஊரிலிருந்து ஃப்ளாப்பியே கூடப் போனது. சட்டைப் பையிலிருந்து பச்சை டேக் தொங்க மெதுவாக உருவுவார். ஹைதராபாத், கொச்சி, கொழும்பு, சிங்கப்பூர். ஊர் மாறியது, பேச்சு மாறவில்லை. ஹோட்டல் அறையில் கண்ணாடி முன்னால் நின்று, எங்கே நிறுத்தினால் எவ்வளவு சிரிப்பு வரும் என்று ஒத்திகை பார்ப்பாராம்.*

* எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் நாகலட்சுமியிடம் சொல்வார். மனைவியிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வார்? நாகலட்சுமி என்னிடம் சொல்வாள். அதே கேள்வி.

திரும்பி வரும்போது குட்டி ஷாம்பு பாட்டில்களும் மாநாட்டுப் பைகளும் வரும். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் லேக் மார்க்கெட்டுக்கு அந்தப் பைகளோடுதான் போவோம். பெத்துராஜின் மனைவி சுப்பம்மாள் முருங்கைக்காய் வாங்கிவரும் பையில் 'பன்னாட்டுக் கருத்தரங்கு, சிங்கப்பூர்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். எதைச் சொல்லி வாங்கிய பை என்று அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். என்னிடம் மூன்று பைகள் இருந்தன.

4

2002 ஜனவரியில் மாநாடு கல்கத்தாவுக்கே வந்துவிட்டது. (பெயரைக் கொல்கத்தா என்று மாற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வாய் இன்னும் மாறவில்லை.)

"சார் பேசுறத ஒரு தடவையாவது கேக்கணும்," என்று பெத்துராஜ் தானாகவே பாஸ் கேட்டார். ஜம்புநாதனுக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு பாஸ் மிச்சம் இருந்ததால் சுப்பம்மாளும் நானும். எனக்கு ஹோட்டல் சாப்பாட்டின் மேல் கண்.

மூன்றாவது வரிசை. பெத்துராஜ் இஸ்திரி போட்ட சஃபாரி சூட்டில், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. ஜம்புநாதன் மேடையிலிருந்து அவரைப் பார்த்தார். ஃப்ளாப்பி கதையை விட்டுவிடலாம் என்று தீர்மானித்தார். அந்த இடம் வந்தது. அதைத் தாண்டி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் மூச்சு விட்டேன். இதே இடத்தில் கதையை முடித்திருப்பேன், ஆனால் தலைமை வகித்த சுந்தரேசன் அதை ஹைதராபாத்தில் கேட்டவர். மைக்கை இழுத்து, "ஜம்பு, ஃப்ளாப்பி எங்கே? அதுக்காகத்தானே வந்திருக்கோம்," என்றார். சபை அதற்கே சிரித்தது.

ஜம்புநாதனின் கை சட்டைப் பைக்குப் போனது.

(இங்கே "அந்த கிளார்க் நான்தான்" என்று பெத்துராஜைச் சொல்ல வைத்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.)

ஜம்புநாதன் சொன்னார், வழக்கம்போல, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி. நாற்பத்தேழு, தகவலெல்லாம் போயிற்று, லேமினேஷன். அரங்கமே குலுங்கியது. பெத்துராஜும் சிரித்தார், மற்றவர்களுக்கு ஒரு கணம் பிந்தி. சுப்பம்மாளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் பச்சை டேக்கையும் சிவப்பு மையையும் படிக்க இங்கிலீஷ் எதற்கு? அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். பழக்கம்.

5

சாப்பாட்டு வரிசையில், கையில் தட்டோடு, பெத்துராஜ் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சார், அத முடிச்சாச்சுன்னா கொடுத்துருங்களேன். மார்ச்சுல ரிட்டயர்டு. நாப்பத்தேழு இல்லாம ஃபைல ஒப்படைக்க முடியாது. எட்டு வருசமா அந்த எடத்துல 'கம்ப்யூட்டர் பிரிவில் உள்ளது'ன்னு ஒரு சீட்டு வெச்சிருக்கேன்."

முடிவு ஒன்று: ஜம்புநாதன் ஃப்ளாப்பியை எடுத்து இரண்டு கையாலும் கொடுக்கிறார்.

முடிவு இரண்டு: கொடுத்துவிட்டு, மேடைக்குத் திரும்பி, ஓர் எழுத்துகூட அழியவில்லை என்று மைக்கில் சொல்கிறார்.

இரண்டையும் ஆசைப்பட்டு எழுதிப் பார்த்தேன். நடந்தது வேறு. ஜம்புநாதன் தயிர்வடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாரம் கோலாலம்பூர்ல ஒண்ணு இருக்குய்யா. அதை முடிச்சுட்டுத் தர்றேனே."

"சரி சார்," என்றார் பெத்துராஜ். "கோலாலம்பூர் முடிச்சுட்டு." நகர்ந்து, பின்னால் நின்றவருக்கு இடம் விட்டார்.

ஜம்புநாதன் அன்று சாப்பிடவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டார். கோலாலம்பூருக்குப் போனார், ஃப்ளாப்பியும் போனது. அங்கே சொன்னாரா என்று நாகலட்சுமியிடம் கேட்டேன். முதல்முறையாக அவள், "எனக்குத் தெரியாது மாமி," என்றாள்.

6

இதை எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது, நீங்களே கவனித்திருப்பீர்கள். அந்த இடத்தில் நீங்களும் சிரித்தீர்கள். சிரிக்கும்படிதான் எழுதினேன். அப்பளம், சிவப்பு மை, 47. ஜம்புநாதன் ஊர் ஊராகச் சொன்னார், நான் உங்கள் ஊரில் சொல்கிறேன்.

மாநாட்டுக்கு மறுநாள் காலை சுப்பம்மாள் வந்தாள். கையில் மடித்த பை, சிங்கப்பூர். அதை என் மேசைமேல் வைத்தாள்.

"இத ஐயா வீட்ல கொடுத்துருங்க அக்கா. எங்களுக்கு வேணாம்."

காபி கலந்து வைத்தேன். தொடவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா? அவுக நேத்து ராத்திரி எனக்கு எல்லாத்தையும் தமிழ்ல சொன்னாக. ஃப்ளாப்பி எங்க வீட்டு விசயம், சரி. ஆனா அந்தக் கடைசி வரி, லேமினேசன். அது ஐயா யோசிச்சுச் சொன்ன மாதிரி இல்லையே. ஐயா அப்படிப் பேசுற ஆளு இல்ல. யாரு அக்கா சொன்னது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் சொன்னேன்:

(இந்த வரியைப் பதினோரு முறை எழுதி அடித்துவிட்டேன். நான் சொன்ன பதில் எனக்குத் தெரியும். ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம்; ஜம்புநாதனின் கோலாலம்பூர் மாதிரி, தள்ளிப்போடுகிற பதில்தான் அது. நீங்கள் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருக்கும் காபியைப் பார்த்துக்கொண்டு, வேறு ஒன்று எழுதுங்கள். அதுவரை இந்த இடத்தில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.)