தொட்டியில் கரைந்த வெல்லம்

மைத்ரேயி கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வாங்கிவந்த மஞ்சள் டாங் மீனை அவள் மாமனார் ராமஸ்வாமிக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கோயில் கைங்கர்யம் பண்ணுகிறவர் வீட்டில் கடல் மீனா என்று கரித்துக்கொட்டினார். அது பாசியைத்தான் விரும்பித் தின்னும் என்று மருமகள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செத்துக் கித்து வைத்தால் அன்றைக்கே தொட்டி வெளியே போக வேண்டும் என்றார்.

அவர் மனைவி வைதேஹிக்கோ அந்த மீன் என்றால் உயிர். மைத்ரேயி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குக் கிளம்பியதும் கடல்பாசித் தாளைக் கிள்ளிப் போடுவது அவள்தான். அவள் புடவை தெரிந்தாலே மீன் கண்ணாடியோரம் ஓடிவரும். இதை அவரிடம் சொல்லிக்கொள்ள முடியுமா?

மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டதும் வைதேஹி பதறிப்போனாள். நோய் தீர ஊரே வீரராகவப் பெருமாள் குளத்தில் வெல்லம் கரைக்கிறது. இவளும் வேண்டிக்கொண்டு ஒரு அச்சு வெல்லத்தை நொறுக்கித் தொட்டியில் போட்டுவிட்டாள், புண்ணியவதி! சாயங்காலத்துக்குள் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கி, மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

வேலையிலிருந்து வந்த மைத்ரேயி, தோள்பையோடு ஓடி, தண்ணீர் மாற்றுவதற்காகக் கலந்து வைத்திருந்த உப்புத்தண்ணீர் டிரம்மை இழுத்தாள். பின்னாலேயே ராமஸ்வாமி.

"பாத்தியா? உனக்கு வளர்க்கத் தெரியலை. இன்னிக்கே தூக்கி வெளியில வை."

"சரிப்பா" என்றாள் மைத்ரேயி.

அந்த 'சரி' வைதேஹிக்குப் பொறுக்கவில்லை. தனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவளே சொல்லிச் சொல்லிச் சலித்த சொல் அது.

"அவ ஒண்ணும் பண்ணலை. வெல்லம் போட்டது நான்."

"நீயா? உனக்கென்ன பைத்தியமா?"

"குளத்துல எல்லாரும் போடறாளோல்லியோ?"

"அது பெருமாள் தீர்த்தம்டி! இது மீன் தொட்டி!"

"அந்தக் குளத்துல மட்டும் மீன் இல்லையா? அதையெல்லாம் எப்போ தூக்கி வெளியில வைக்கப் போறேள்?"

ராத்திரித் தளிகை சமைக்கத் தீட்டுப்படாமல் கட்டியிருந்த மடிப்புடவையோடு வைதேஹி தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டாள்.

"அம்மா, மடி போயிடும்!" என்றாள் மைத்ரேயி.

"போனா போறது. நீ வலையைக் குடு."

மீனை அள்ளி டிரம்மில் விட்டாள். சிறிது நேரம் ஒருக்களித்துக் கிடந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து நீந்தியது. வைதேஹிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ராத்திரித் தளிகை?" என்றார் ராமஸ்வாமி, குரலை இறக்கி.

"ஆகறச்சே ஆகும். சித்த தள்ளி நில்லுங்கோ, தொட்டியை அலம்பணும்."

அவர் தள்ளி நின்றார்.