டர்போவுக்குப் பத்தியம்

வீட்டில் அவனை 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மெக்கானிக்கல் படித்தவன் என்பது ஒரு காரணம். படித்து முடித்து நான்கு வருடமாகியும் எந்த இயந்திரமும் அவனைப் பக்கத்தில் சேர்க்கவில்லை என்பது இன்னொரு காரணம். போன் கம்பெனி ஒன்றில் பிற்பகல் முழுவதும், அழைக்கிறவர்களிடம் "ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்று சொல்வது அவன் உத்தியோகம். பாதிப் பேருக்கு அது வேலையும் செய்தது. அதனால் தன் படிப்பு வீண் போகவில்லை என்றே நம்பினான்.

அவன் அக்காவும் அவள் புருஷனும் சலவைக்கூடம் நடத்தினார்கள். மலைமேல் இருந்த ஆஸ்பத்திரிக்கு தினமும் காலை ஏழு மணிக்குள் படுக்கை விரிப்புகள் போய்ச் சேரவேண்டும். மாமாவின் வேனுக்கு வயது இருபத்திரண்டு. டீசல் இன்ஜின், டர்போ உண்டு. ஆனால் அந்த ஏற்றத்தில் டர்போ இருப்பது இன்ஜினுக்கே ஞாபகம் இருக்காது. நாயோடு நடைப்பயிற்சி போகும் ஒரு பெரியவர் தினமும் வேனைத் தாண்டிப் போவார். ஜன்னலோரம் வரும்போது "என்ன, இன்னிக்கும் சீக்கிரமா?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்பார். நாய் ஓடிக்கொண்டிருக்கும் டயரை முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுப் போகும்.

அந்த மாதம் மூன்று நாள் தாமதம். ஆஸ்பத்திரி ஸ்டோர் மேடம் கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தைக் காட்டி, இன்னொரு தடவை ஏழு தாண்டினால் வேறு சலவைக்கூடம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டாள். கூடத்தில் துவைக்கிற துணியில் பாதி அந்த ஆஸ்பத்திரியுடையது.

"டர்போ அழுத்தத்தக் கொஞ்சம் கூட்டினா ஏறிடும் மாமா" என்றான் இன்ஜினியர்.

"யாரு கூட்றது?"

"நான்தான்."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா மேஜையில் இருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். "டேய், போன வருஷம் நீ சரி பண்ண பெட்டிடா இது. இன்னிக்கு வரைக்கும் ஒரு பக்கம்தான் சுடுது."

"அது வேற துறைக்கா. இது என் துறை."

உண்மையில் மூன்று வாரமாக இணையத்தில் படித்துப் படித்து அவனுக்குக் கண்ணே உள்ளே போயிருந்தது. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. அளவுக்கு மீறித் திணிக்காமல் இருக்க, புகையைப் பக்கவாட்டில் தப்பவிடும் சின்னக் கதவு ஒன்று உண்டு. அந்தக் கதவின் கம்பியைக் கொஞ்சம் குட்டையாக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் கூடும். ஆசைப்பட்டு அதிகம் குட்டையாக்கினால் பிஸ்டன் உருகும். ஆகவே பாதுகாப்பே முதல் என்று நோட்டுப் போட்டு எழுதினான். முதல் விதி: அழுத்தமானி பொருத்தாமல் கம்பியின் நட்டைத் தொடாதே. இரண்டாவது: காற்றுக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார். மூன்றாவது: ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் திருகாதே.

அழுத்தமானி வியாழக்கிழமைதான் வரும் என்றார்கள். ஸ்டோர் மேடத்தின் கடிகாரம் வியாழக்கிழமை வரை காத்திருக்காது. எனவே ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டாவது விதியிலிருந்து தொடங்கினான்.

தெருமுனை மெக்கானிக் தன் பட்டறையில் ஒரு மூலையும் ஒரு ஸ்பானரும் கொடுத்தார். "பண்ணு தம்பி. யாராவது கேட்டா நான் ஊர்லயே இல்ல" என்றார்.

கசிவு எதுவும் இல்லை. சோப்பு மட்டும் தாராளமாக இருந்தது. சலவைக்கூடத்துக்கு அதில் பஞ்சமா? பிறகு பானெட்டுக்குள் தலையைக் கவிழ்த்து, வீடியோவில் பார்த்தபடியே, கம்பியின் நீளத்தை மாற்றும் நட்டைத் திருப்பினான். அரைச் சுற்று. இன்னொரு அரை. மனம் கேட்காமல் இன்னும் ஒரு அரை. எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக்கொண்டான்.

அடுத்தது மாமாவுக்கான விதிகள். அங்கேதான் சிக்கல். மாமா இருபத்தைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறவர். கியரைப் பற்றி அவரிடம் பேச யாருக்கும் துணிச்சல் கிடையாது. இன்ஜினியரோ ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றவன். இரண்டாம் முறை, தேர்வு வைத்தவர் பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டார்.

"மாமா, மருந்துக்குப் பத்தியம் மாதிரி இதுக்கும் சிலது இருக்கு" என்று தொடங்கினான். "ஏத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டாவது கியர் போட்டுடணும். மூணாவதுல திணற விட்டா சூடாகி உருகிடும். கறுப்புப் புகை வந்தா கால எடுத்துடணும். நின்னதும் ஒரு நிமிஷம் ஓட விட்டுத்தான் அணைக்கணும்."

"பத்தியம்னா சரி, மாப்ள. எனக்காக இல்ல, டர்போவுக்காக."

திங்கட்கிழமை ஆறு ஐம்பத்து மூன்றுக்கு விரிப்புகள் ஸ்டோரில் இறங்கின. செவ்வாய், ஐம்பத்திரண்டு. புதன்கிழமை நாயோடு நடக்கிற பெரியவர் ஓரமாக ஒதுங்கி நின்று கையசைத்ததாக மாமா வந்து சொன்னார்.

"வண்டியா அது? இழுக்கிற இழுப்புல சீட்டோட ஒட்டிக்கிறேன்!"

மாமா தெருவெல்லாம் பேசினார். ரொட்டிக் கடைக்காரர் தன் வேனுக்கும் மூன்று அரைச் சுற்று கேட்டு வந்தார். சவ வண்டி வைத்திருந்தவரும் வந்தார். "உங்க சவாரிக்கு என்னங்க அவசரம்?" என்று அக்கா கேட்டதற்கு, "கூட வர்றவங்க அவசரப்படுறாங்கம்மா" என்றார். இன்ஜினியர் இருவருக்கும் தேதி கொடுத்தான். தேதி கொடுக்கும்போது புருவத்தைச் சுருக்கினால் நன்றாக இருப்பதைக் கண்டுபிடித்தான்.

வியாழக்கிழமை காலை அழுத்தமானி வந்தது. ஸ்டோருக்குப் போய்த் திரும்பிய வண்டியில் அதைப் பொருத்தி, பட்டறைக்குப் பக்கத்துச் சின்ன மேட்டில் மாமாவை ஏற்றச் சொன்னான். வண்டிக் கம்பெனி வைத்த அழுத்தம் 0.8. தன் கைவண்ணத்தில் 0.9 தாண்டும் என்று அவன் கணக்கு. முள் 0.6-ல் போய் நின்று, அதற்குமேல் எனக்குத் தெரியாது என்பதுபோல் ஆடியது.

மானி பழுது என்று முதலில் தீர்மானித்தான். தன் துறை சார்ந்த ஆலோசனைப்படி ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டான். 0.6. பிறகு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். கம்பி நீண்டிருந்தது. வீடியோவில் இருந்தவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு திருகினான். இவன் மேலிருந்து கவிழ்ந்து அதே பக்கம் திருகியிருக்கிறான்; மேலிருந்து பார்த்தால் அது எதிர்ப்பக்கம். உலகத்திலேயே மிகப் பாதுகாப்பாக டர்போ அழுத்தம் கூட்டியவன் அவன்தான், குறைத்திருக்கிறான்.

"என்ன தம்பி, பேச்சு மூச்சக் காணோம்?" என்றார் மெக்கானிக்.

"யோசிக்கிறேன்ணே."

நட்டை எதிர்ப்பக்கம் திருப்பி, அரை அரையாக மானியில் பார்த்துப் பார்த்து, மூன்றாவது அரையில் 0.8-க்குத் திரும்பி, மேலும் ஒன்றில் 0.9-ல் நிறுத்தினான். கறுப்புப் புகை இல்லை. இத்தனை நாளில் அவன் ஒழுங்காகச் செய்த முதல் வேலை. அதை யாரிடமும் சொல்ல முடியாது. ரொட்டிக் கடைக்காரர் முகம் நினைவில் வந்தது. மாமாவிடம் போய், "இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கேன் மாமா" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை அவனும் கூடப் போனான். அடிவாரத்தில் மணி ஆறு ஐம்பது. மாமா கியரைத் தொடவில்லை.

"மாமா, ரெண்டாவது."

"அது அப்போ. இன்னும் கூட்டியிருக்கேன்னு நீதானே சொன்ன? கூட்டின பிறகும் ரெண்டாவதுலயே ஏறணும்னா எதுக்குடா கூட்டினே?"

இன்ஜினியர் அவசரமாக நோட்டைப் புரட்டினான். முதல் வளைவில் வேன் முனகியது. முள் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தது. ஜன்னலோரம் நாய் தெரிந்தது.

"என்ன, பழையபடி ஆயிட்டீங்களா?" என்றார் பெரியவர், வேனோடு கூடவே நடந்துகொண்டு.

"மாமா, கியர மாத்துங்க. மணி அம்பத்து நாலு."

"லைசென்ஸ் இல்லாதவன் எனக்குக் கியர் சொல்லாத."

பின்னால் அடுக்கியிருந்த விரிப்புகளையும், நாலரை மணிக்கே எழுந்து அவற்றை மடித்த அக்காவையும் நினைத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "மாமா, நான் தப்பாத் திருகிட்டேன். நேத்து காலை வரைக்கும் டர்போ அழுத்தம் கூடவே இல்ல. குறைஞ்சிருந்துச்சு. நேத்துதான் மானியில பாத்தேன், நேத்துதான் சரி பண்ணேன்."

"அப்ப நாலு நாளா எப்படிடா ஏறிச்சு?"

"நீங்கதான் ஏத்தினீங்க. ரெண்டாவது கியர்ல."

மாமா அவனைத் திரும்பிப் பார்த்தார். பெரியவரும் பார்த்தார். நாய் மட்டும் கண்ணியமாக வேறு பக்கம் பார்த்தது.

"நானா?" என்றார் மாமா. முகத்தில் கோபம் வர வேண்டிய இடத்தில் மெல்ல வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. "குறைஞ்ச டர்போவ வச்சுக்கிட்டா?"

கியர் இரண்டாவதில் விழுந்தது. இன்ஜின் உறுமியது, முள் எழுந்து 0.9-ல் போய் நின்றது, வேன் நிஜமாகவே சீட்டோடு ஒட்டும்படி இழுத்தது. பெரியவரின் தொப்பி பறந்ததை இன்ஜினியர் கண்ணாடியில் பார்த்தான்.

கடைசி மூட்டை இறங்கியபோது ஸ்டோர் மேடத்தின் கடிகாரத்தில் ஏழுக்கு ஒரு நிமிடம் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். மாமா வண்டியை ஒரு நிமிடம் ஓடவிட்டு, பத்தியப்படி, அணைத்தார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. ரொட்டிக் கடைக்காரர் தேதியை ரத்து செய்துவிட்டு, மாமாவிடம் ஏற்றம் ஏறும் வித்தையைக் கேட்டு வந்தார். சவ வண்டிக்காரரும் கூட வந்தார். மாமா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையால் காற்றில் கியர் போட்டுக் காட்டினார்.

"இவன் குறைச்சு விட்ட வண்டிய நாலு நாள் ஓட்டினேன். நாலு நாள்!"

இன்ஜினியர் முள் காட்டிய 0.9 பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்.

"டேய்" என்று அக்கா உள்ளிருந்து கூப்பிட்டாள். "அந்த இஸ்திரிப் பெட்டியையும் கொஞ்சம் எதிர்ப்பக்கமாத் திருகிப் பாரேன்."