கதைப்படி அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை

கடைக்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் அது முதலில் இஸ்திரிப் பெட்டியில்தான் தெரியும். டிவி அண்ணன் செத்துப்போன செய்தி வந்த நாளிலிருந்து அந்தச் சலவைக் கடையில் துணிகள் தேய்க்கப்படவில்லை, அடிபட்டன. வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"நடிகன்தானே செத்தான். என்னமோ கூடப் பொறந்தவன் போன மாதிரி பண்ற."

"என் கூடப் பொறந்தவன் இந்த ஒன்பது வருஷத்துல எத்தன தடவ இந்த வாசப்படிய மிதிச்சான், சொல்லுங்க பாப்போம். இவரு தெனம் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தாரு."

வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மச்சான் பேச்சை எடுத்தால் விவகாரம் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மூன்று தங்கைகளைக் கரையேற்றுவதற்காகத் தான் கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணனாக அந்த மனிதர் ஒன்பது வருடம் ஒரே தொடரில் வந்தார். கடைச் சுவரில் மாட்டியிருந்த சின்ன டிவியில் அவர் முகம் தெரிந்ததும், தெருவில் பாதிப் பேர் தேய்த்த துணியை வாங்குகிற சாக்கில் உள்ளே வந்துவிடுவார்கள். கடைசித் தங்கையை மாமியார் கைநீட்டி அறைந்த அன்று, கடைக்காரம்மா ஒரு வாத்தியாரின் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் அச்சை முழுசாகப் பதித்துவிட்டாள். வாத்தியார் நியாயம் கேட்டபோது, "அந்த மாமியார்க்காரியப் போய்க் கேளுங்க" என்றாள். இப்படியே ஒரு கூட்டம் சேர்ந்தது. கடைக்காரம்மாவின் நாத்தனார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்சம்மா, பஸ் டிரைவர் ஒருவர், அவர்கள் வீட்டு ஆட்கள். எல்லோருக்கும் அவர் அண்ணன். நர்சம்மா அவரைவிட இருபது வயது மூத்தவள், அவளுக்கும் அண்ணன்தான்.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்து செத்துப்போனார். அழுகைகூட வரவில்லை கடைக்காரம்மாவுக்கு. டாக்டர்கள்மேல் கோபம், ராத்திரி பகலாக அவரை வேலை வாங்கியவர்கள்மேல் கோபம், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட அவர்மேலும் கோபம்.

அப்போதுதான் சேனலிலிருந்து போன் வந்தது. ரசிகர்களுக்காக ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். உங்கள் பக்கத்திலிருந்து முப்பது பேர் வர முடியுமா, வண்டி அனுப்புகிறோம், வெளிர் நிறத்தில் உடுத்தி வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். கடைக்காரம்மா வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். முப்பது பேரின் உடுப்பையும் தானே வாங்கி வந்து, காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்தாள். அவள் மனதில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. யாராவது மைக்கைக் கையில் கொடுத்தால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முன்பு ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு அண்ணன் வந்திருந்தபோது, கூட்டத்தில் முண்டியடித்துப் போய், "கடைசித் தங்கச்சிய அந்த வீட்டுக்குத் திரும்ப அனுப்பாதீங்கண்ணே" என்று கெஞ்சியிருந்தாள். அவர் சிரித்துவிட்டு, "நான் எங்கம்மா அனுப்புறேன்? எழுதுறவங்க அனுப்புறாங்க. மாட்டேன்னா என்னையில்ல அனுப்பிடுவாங்க" என்றார். தொடரில் அந்த அண்ணன் ஒருநாளும் இப்படிக் கிண்டலாகப் பேசியதில்லை. அந்தப் பேச்சு பேசிய ஆளைத்தான் அவள் எல்லோர் நினைவுக்கும் கொண்டுவர நினைத்தாள்.

மண்டபம் ஊரைத் தாண்டி இருந்தது. வாசலில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாவுக்கு வந்த இடத்தில் யாரும் படம் பிடிக்கக் கூடாது என்றார்கள். நல்லதுதானே என்று அவளே முன்னால் நின்று தன் ஆட்களின் போன்களை வாங்கிக் கொடுத்தாள். உள்ளே இருநூறு பேர் இருக்கும். மேடையில் பூக்களுக்கு நடுவே அண்ணனின் பெரிய படம். அதன் கீழே எழுதியிருந்தது அவர் பெயர் அல்ல, தொடரில் அவருக்கு வைத்திருந்த பெயர். சக்கரம் வைத்த இரண்டு கேமராக்கள் நின்றன. செய்திக்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மைக் எங்கே என்று தேடினாள், இல்லை. மின்விசிறிகள் எல்லாம் நின்றிருந்தன.

"ஃபேன போடச் சொல்லுங்களேன், புழுங்குது" என்றாள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த தொப்பிக்காரரிடம்.

"சத்தம் வரும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

யாருக்குச் சத்தம் வரும் என்று அவளுக்கு விளங்கவில்லை. இன்றைக்குப் போய்க் காற்றுக்காகச் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டாள்.

தொப்பிக்காரர் கையைத் தட்டினார். "எல்லாரும் படத்தப் பாருங்க. மனசுல இருக்கறத அடக்காதீங்க."

பக்கத்துக் கதவு திறந்தது. அண்ணன் தூக்கி வளர்த்த அந்தக் கடைசித் தங்கை தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். படத்தின் காலடியில் விழுந்து, "என்னை யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்கண்ணே" என்றாள். மண்டபமே உடைந்து அழுதது. நாத்தனார் வாய்விட்டு அழுதாள். பஸ் டிரைவர் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டார். நாள்கணக்காகக் கல்லாக இருந்த கடைக்காரம்மாவுக்கும் அப்போதுதான் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. பாவி மனுஷா, இப்படிப் போய்விட்டாயே என்று அடிவயிற்றிலிருந்து அழுதாள்.

"கட்."

தங்கை எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். ஒரு பெண் வந்து அவள் முகத்துக்குப் பவுடர் ஒற்றிவிட்டாள்.

"இன்னொண்ணு போலாம். பின்வரிசையில அழுகை பத்தல" என்று கேமரா பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

கடைக்காரம்மா ஈரக் கன்னத்தோடு நாத்தனாரைப் பார்த்தாள். "என்னடி நடக்குது இங்க?"

"ஷூட்டிங்" என்றாள் நர்சம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "கதையில அவரு செத்துட்டாருன்னு காட்டப்போறாங்க. அதுக்கு அழுற கூட்டம் நாம."

முப்பது பேரைக் கூட்டி வந்தவள் அவள். முப்பது பேர் தலையிலும் அவள் கையாலேயே மிளகாய் அரைத்திருக்கிறார்கள். கடைக்காரம்மாவுக்குக் காது இரண்டும் சூடேறியது. எழுந்திருக்கப் போனவள், முன்வரிசையில் நடப்பதைப் பார்த்துப் பாதியில் நின்றாள்.

முன்வரிசை ஓரத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். தொப்பிக்காரர் அவளிடம் குனிந்தார். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் பின்னாடி போய் உக்காந்துக்கறீங்களா? கேமராவுல வராத எடமா பாத்து."

"ஏன்?"

"கதைப்படி அவருக்குக் கல்யாணம் ஆகல மேடம். நீங்க இங்க இருந்தா யாருன்னு கேப்பாங்க."

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடைக்காரம்மா வரிசையைத் தாண்டிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா போறீங்க? இருங்க." தொப்பிக்காரர் பக்கம் திரும்பினாள். "செத்தது யாரு, கதையா? இவங்க புருஷன்யா செத்தது."

டைரக்டர் எழுந்து வந்தார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற, தூக்கம் கெட்ட மனிதர். கெட்டவராகவும் தெரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அம்மா, திங்கக்கிழம எபிசோட் போயாகணும். ஆளு திடீர்னு போயிட்டாரு. கதையில அவரு எங்கன்னு ஜனங்களுக்குச் சொல்லணுமா இல்லையா? உங்களுக்காகத்தான் இவ்வளவும்."

"எங்ககிட்ட நினைவுக் கூட்டம்னு சொன்னீங்க."

"நினைவுக் கூட்டந்தான். இப்ப நீங்க அழுதது பொய்யா?"

பொய் இல்லையே, அதுதானே அவளுக்கு வயிற்றெரிச்சல். பொய்யாக அழ ஆள் பிடித்தால் கூலி கொடுக்க வேண்டும். நிஜமாக அழுகிறவர்களுக்கு வண்டி அனுப்பினால் போதும்.

"உங்க முகத்துல நல்ல சோகம் இருக்கும்மா. உங்களுக்கு ஒரு க்ளோஸ்அப் வைக்கிறேன், சரியா?" என்றார் டைரக்டர்.

"என் முகத்துல இருக்கறது சோகம் இல்ல சார்."

பின்னாலிருந்து, "உக்காரும்மா, மறைக்குது" என்று யாரோ கத்தினார்கள். நாத்தனாரே வந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க அண்ணி. திங்கக்கிழம நாமளும் டிவியில வருவோம்." அந்த நிமிடம் நாத்தனாரை ஒரு அறை விட்டால்தான் என்ன என்றிருந்தது கடைக்காரம்மாவுக்கு.

"விடுங்கம்மா" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "எனக்கு இது பழக்கந்தான். ஒன்பது வருஷமா எந்த விழாவுக்கும் என்னைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. ஜனங்களுக்குப் பிடிக்காதாம்."

ஜனங்கள் என்றால் யார்? கடைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கோபத்தில் ஒரு பங்கைத் தனக்கும் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசைக்கு நட்டநடுவில், தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இங்க இருந்து இவங்கள எழுப்பிப் பாருங்க" என்றாள்.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கேமராவைத் தள்ளி வைக்கச் சொன்னார். விளக்கை மாற்றுவதற்கு நேரம் பிடித்தது. புழுக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நாத்தனார் முன்னால் எட்டி, அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "அண்ணன் வீட்லயும் இப்பிடித்தான் பொறுமையா இருப்பாரா?"

"யாரு, அவரா?" அந்தப் பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "மூக்குக்கு மேல கோவம் வரும். சாவியக் காணோம்னு வீட்டையே ரெண்டாக்குவாரு. சாவி அவரு சட்டப் பையிலயே இருக்கும்."

"அப்புறம்?" என்று நர்சம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பாட்டுன்னா உசிரு. கொரல்தான் சேராது. ஒருநாள் குளிக்கும்போது பாடுறாரு, பக்கத்து வீட்டுக்காரரு ஓடி வந்து, என்னங்க உங்க மோட்டாரு ரிப்பேரான்னு கேக்குறாரு."

நர்சம்மா பொங்கிச் சிரித்துவிட்டாள். பஸ் டிரைவர் அதைப் பின்வரிசைக்குச் சொன்னார். பின்வரிசை அதற்குப் பின்வரிசைக்குச் சொன்னது. சிரிப்பு மண்டபத்தின் கடைசி வரைக்கும் போயிற்று. அந்தப் பெண்ணும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தாள். கடைத் திறப்பு விழாவில் தன்னைக் கிண்டல் செய்த அந்த ஆள் இப்போதுதான் மண்டபத்துக்குள் வந்திருக்கிறார் என்று கடைக்காரம்மாவுக்குத் தோன்றியது.

"சிரிக்காதீங்க" என்று தொப்பிக்காரர் ஓடி வந்தார். "இது சாவு சீன். யாரும் சிரிக்கக் கூடாது."

நாத்தனாரின் முகம் மாறிப்போனது. "அண்ணி, நாம சிரிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு இந்தாளு யாரு?" என்றாள்.

தொப்பிக்காரர் காதில் வாங்கவில்லை. "எல்லாரும் படத்த மட்டும் பாத்து அழுங்க. தயவுசெஞ்சு ஒருத்தரும் கேமராவப் பாக்காதீங்க. ஒரு ஆளு பாத்தாலும் ஷாட் போச்சு."

கடைக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கத்தினால் சத்தத்தை வெட்டிவிட்டு இசையைப் போட்டுவிடுவார்கள். அழுதால் அதுதான் அவர்களுக்கு வேண்டியது. எழுந்து போனால் மிச்சப் பேரை வைத்து முடித்துவிடுவார்கள். என்ன செய்தால் இவர்களுக்கு ஆகாது என்பதை இவர்களே வாயால் சொல்லிவிட்டார்கள்.

தங்கை மறுபடி ஓடி வந்து விழுந்தாள். கடைக்காரம்மா முகத்தை அழுத்தமாகத் துடைத்துவிட்டு, கேமராவை நேராகப் பார்த்தாள்.

"கட். அம்மா, கேமராவப் பாக்காதீங்க."

அடுத்த தடவை நர்சம்மாவும் பார்த்தாள். அதற்கடுத்த தடவை நாத்தனார். அழுகையை விழுங்கிக்கொண்டு, விக்கல் எடுக்க எடுக்கப் பார்த்தாள். டைரக்டர் கேமராவை இடது பக்கம் நகர்த்தினார். முப்பது தலைகளும் இடது பக்கம் திரும்பின. உயரத்தில் ஏற்றச் சொன்னார். இப்போது கடைக்காரம்மாவுக்கு முன்பின் தெரியாதவர்களும் தலையை உயர்த்தினார்கள். "உக்காரும்மா" என்று கத்திய ஆளும் பார்த்தார். யாரும் அழவில்லை, யாரும் பேசவில்லை. விசிறி ஓடாத அந்த மண்டபத்தில் வியர்வை வழிய, இருநூறு பேர் உர்ரென்று ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தடியில் கிடந்த தங்கை எழுந்தாள். யாரும் சொல்லாமலே போய் ஓரமாக நின்றுகொண்டாள்.

டைரக்டர் கடைசியாக அந்தப் பெண்ணிடம் வந்தார். அவள் மட்டும்தான் அதுவரை தலையைக் குனிந்தபடி இருந்தாள். "மேடம், நீங்களாவது சொல்லுங்க. அவரோட கடைசி எபிசோட் இது. அத நல்லபடியா முடிச்சுக் குடுக்க வேணாமா?"

அவள் டைரக்டரைப் பார்த்தாள். மேடையிலிருந்த படத்தையும், அதன் கீழே இருந்த வேறு யாரோ ஒருவருடைய பெயரையும் பார்த்தாள். மடியிலிருந்த பையை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள். பிறகு கடைக்காரம்மா பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"எங்க பாக்கணும்?"

"அதோ, அந்த வட்டமான கண்ணாடியில" என்று கடைக்காரம்மா கையை நீட்டிக் காட்டினாள்.

அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.