கழுவிய தண்ணீர்

மோர்ச்சோற்றில் கை வைத்தபோதுதான் சிவசங்கரி பார்த்தாள். அணைக்க மறந்த ஊதா விளக்கின் கீழே, குடித்து வைத்த தம்ளரின் விளிம்பு பச்சையாக ஒளிர்ந்தது. பாசி படிந்தது போல.

சின்னக்கானல் எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வேதியியல் படித்து, பாலக்காட்டுக்குக் கிழக்கே இந்தச் சிறிய கம்பெனிக்கு வந்தவள் அவள். மாவைவிட நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளை அமிலத்தில் ஊறவைத்து, அவற்றின் மேற்பரப்பில் ஊதா விளக்கில் மட்டும் பச்சையாக ஒளிரும் சாயத்தைப் பிணைப்பது வேலை. ஒட்டாத சாயம் போகும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவிய தண்ணீரை லாரி வந்து எடுத்துப்போகும் என்று முதலாளி தனபால் சொல்லியிருந்தார். அந்த லாரியை அவள் கண்டதில்லை. கேட்டதும் இல்லை.

தம்ளரில் மிச்சமிருந்தது கமலாத்தாள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். பின்சுவரை ஒட்டிய வீடு. இங்கே வேலை செய்பவர்களுக்கு அவள்தான் சமைத்துப் போடுகிறாள்; இப்போதும் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, சோறு புடிக்கலீங்களா?"

"அக்கா, கொஞ்சம் வாயத் தொறங்க."

சிரித்துக்கொண்டே திறந்தாள். சிவசங்கரி விளக்கை அவள் முகத்தருகே பிடித்தாள். நாக்கின் மடிப்புகளிலும் பல்லிடுக்குகளிலும் அதே பச்சை. சிவசங்கரிக்கு உள்ளே போன சோறு, சாறு, மோர் எல்லாம் மேலே ஏறின. ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள். விளக்கை அங்கே கொண்டுபோகத் துணிவில்லை.

கமலாத்தாள் விளக்கடியில் நின்று கைபேசியில் தன் நாக்கைப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடி பார்த்துவிட்டு மறுபடி துடைத்தாள்.

தனபால் வந்து எட்டிப்பார்த்தார். "அட, வெறும் பிளாஸ்டிக்மா. உள்ள போனா வெளிய வந்துரும்."

"அப்ப நீங்க குடிங்க, சார்."

தம்ளரை நீட்டினாள். மறுப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்து, "போதுமா?" என்று பல் தெரியச் சிரித்தார். விளக்கொளியில் மீசை நுனியில் இன்னும் பச்சைத் துளிகள் தொங்கின. அவள் பயந்தது விஷத்துக்கு. இப்போது அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது.

"நா இனி வரலை சார்" என்று கையுறைகளைக் கழற்றினாள்.

கமலாத்தாள் சோற்றோடு கொண்டுவந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே போனாள். கொட்டப் போகிறாள் என்று சிவசங்கரியும் பின்னாலேயே வந்தாள்.

வலப்பக்கம் கிணறு. இடப்பக்கம் தென்னம்பிள்ளைகள். எதிரே, தண்ணீரைக் கண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்ற சினை மாடு. கமலாத்தாள் குடத்தை எந்தப் பக்கமும் சாய்க்காமல் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள்.